கதைப்பாடல் தேடப் போவோம்

செடிகளைப் பறித்து, உலர்த்தி, தாளில் ஒட்டிச் சேர்த்து வைக்கும் பழக்கம் உங்களில் சிலருக்கு இருக்கலாம். அப்படிச் சேர்ப்பவர்களுக்குத் தாவரவியல் ஆசிரியர் ஒன்றைக் கட்டாயம் சொல்லியிருப்பார். செடியை மட்டும் ஒட்டினால் போதாது. அதை எங்கே பறித்தோம், எந்த மாதத்தில் பறித்தோம், மண் எப்படிப்பட்டது, அக்கம்பக்கத்தில் என்ன செடிகள் இருந்தன, ஊரார் அதை என்ன பெயரால் அழைக்கிறார்கள் என்று ஒரு சீட்டில் எழுதி அதன் கீழே ஒட்ட வேண்டும். சீட்டு இல்லாத செடி வெறும் சருகு. அதை வைத்துக்கொண்டு எந்த விஞ்ஞானியாலும் ஒன்றும் செய்ய முடியாது.

பாட்டுக்கும் இப்படி ஒரு சீட்டு வேண்டும். அதைப் பாடகரிடம் கேட்டுத்தான் எழுத முடியும். எப்படிக் கேட்பது, கேட்காமல் விட்டால் என்ன கெட்டுப்போகும் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில், எந்தப் பாட்டு? தாலாட்டு, ஏற்றப்பாட்டு, நடவுப்பாட்டு ஆகியவை சிறியவை. ஒரு வேலையையோ ஓர் உணர்ச்சியையோ ஒட்டிப் பிறந்தவை. கதைப்பாடல் அப்படியல்ல. ஒருவருடைய பிறப்பு, வளர்ப்பு, காதல், சண்டை, சாவு எல்லாவற்றையும் முறையாகச் சொல்லிக்கொண்டு போகும். பாடி முடிக்கச் சில மணி நேரமாகலாம். சில இரவுகளும் ஆகலாம். செஞ்சியில் தேசிங்குராஜன் 1714இல் ஆர்க்காட்டு நவாபின் படையோடு மோதி மாண்டதும், மதுரையில் கான்சாகிபு 1764இல் தூக்கிலிடப்பட்டதும், கயத்தாற்றில் கட்டபொம்மன் 1799இல் தூக்கிலிடப்பட்டதும் உங்கள் வரலாற்றுப் புத்தகத்தில் சில வரிகளாக இருக்கும். கதைப்பாடலில் அவை நூற்றுக்கணக்கான அடிகள். வறுமையால் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் தள்ளித் தானும் விழுந்த நல்லதங்காள் கதையோ எந்த வரலாற்றுப் புத்தகத்திலும் இல்லை. ஆனாலும் அதைக் கேட்டு அழாத கிராமம் தமிழ்நாட்டில் குறைவு.

திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களில் உள்ளவர்களுக்குக் கதைப்பாடல் என்றதும் வில்லுப்பாட்டுதான் நினைவுக்கு வரும். அம்மன் கோவில், சுடலைமாடன் கோவில் கொடைவிழாக்களில் பந்தல் போட்டு, நீண்ட வில்லைக் குடத்தோடு சேர்த்து வைத்திருப்பார்கள். வில்லில் வரிசையாக மணிகள் தொங்கும். தலைமைப் பாடகரைப் புலவர் என்பார்கள். அவர் இரண்டு வீசுகோல்களால் வில்லின் நாணைத் தட்டிக்கொண்டே பாடுவார். ஒருவர் குடம் அடிக்க, ஒருவர் உடுக்கை அடிக்க, மற்றவர்கள் தாளமும் கட்டையும் போட்டுப் பின்பாட்டுப் பாடுவார்கள். காப்பு, குருவணக்கம், அவையடக்கம் எல்லாம் முடிந்த பிறகே கதை தொடங்கும்.

இந்த நிகழ்ச்சி முழுவதையும் ஒன்று விடாமல் ஒலிப்பதிவு செய்து வந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அந்தக் கதைப்பாடலைச் சேகரித்துவிட்டோமா? இந்தக் கேள்விக்கு விடை சொல்ல ஒரு கதையையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

முத்துப்பட்டனின் மனைவியர்

பாபநாசத்துக்கு மேலே, காரையாற்றுக் காட்டுக்குள் சொரிமுத்து அய்யனார் கோவில் இருக்கிறது. ஆடி அமாவாசைக்கு அங்கே பெருங்கூட்டம் கூடும். அந்தக் கோவிலில் பட்டவராயன் என்ற தெய்வத்துக்குப் பக்தர்கள் செலுத்தும் காணிக்கை என்ன தெரியுமா? தோல் செருப்பு. கோவில் வாசலில் கழற்றிவிட்டுப் போக வேண்டிய பொருளையே சாமிக்குப் படைக்கிறார்கள்! ஏன் என்று கேட்டால் முத்துப்பட்டன் கதையைச் சொல்வார்கள்.

முத்துப்பட்டன் பிராமண குலத்தில் பிறந்தவன். காட்டில் பொம்மக்கா, திம்மக்கா என்ற இரு சகோதரிகளைக் கண்டு காதல் கொள்கிறான். அவர்கள் தோல் தைக்கும் தொழில் செய்துவந்த அருந்ததியர் குலத்து வாலப்பகடையின் மக்கள். பெண் கேட்டுப் போனவனிடம் பகடை கடுமையான நிபந்தனை போடுகிறான். குடுமியையும் பூணூலையும் களைய வேண்டும். தோல் பதப்படுத்தவும் செருப்புத் தைக்கவும் பழக வேண்டும். பட்டன் இரண்டையும் செய்கிறான். அண்ணன்மார் தடுத்தும் கேளாமல் இரு பெண்களையும் மணக்கிறான். பிறகு மாமனாரின் மாட்டு மந்தையைக் கொள்ளையிட வந்தவர்களோடு போரிட்டு, வஞ்சகமாகக் கொல்லப்படுகிறான். மனைவியர் இருவரும் தீயில் இறங்கி உயிர் விடுகிறார்கள். செருப்புத் தைத்தவனுக்குச் செருப்பே காணிக்கை ஆயிற்று.

இங்கேதான் ஒரு சிக்கல். இந்தக் கதைப்பாடலுக்கு ஒரே ஒரு வடிவம் இல்லை. சில வடிவங்களில் அந்த இரு பெண்களும் பிறப்பிலேயே பகடையின் மக்கள். வேறு சில வடிவங்களில் அவர்கள் பிராமணப் பெண் பெற்றுக் காட்டில் விட்டுச் சென்ற குழந்தைகள். பகடை எடுத்து வளர்த்தான், அவ்வளவுதான். அடி கணக்கில் பார்த்தால் சிறிய வேறுபாடு. ஆனால் கதையின் பொருளே தலைகீழாகிவிடுகிறது. முதல் வடிவத்தில் பட்டன் குலத்தைத் துறந்து மணக்கிறான். இரண்டாவதில் தன் குலத்துப் பெண்களையே அவன் அறியாமல் மணக்கிறான்.

எது பழையது? நாமே கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். பெண்கள் பிராமணர் என்பதே கதையின் உயிர்நாடி என்றால், அந்த உண்மை வெளிப்படும் இடத்தில் அண்ணன்மாரின் கோபமெல்லாம் அடங்கிப்போயிருக்க வேண்டும். பூணூலைக் களைவதும் செருப்புத் தைப்பதும் வீணான காரியங்களாகிவிடும். ஆனால் மக்கள் நினைவில் வைத்துக் கொண்டாடுவது அந்தச் செருப்பைத்தான். பேராசிரியர் நா. வானமாமலை இந்தக் கதைப்பாடலைப் பதிப்பித்தபோது, பிராமணப் பிறப்புச் செய்தி பின்னால் நுழைக்கப்பட்டது என்று வாதிட்டார். சாதி கடந்த மணத்தை ஏற்க மனமில்லாதவர்களுக்காகச் செய்த மாற்றம் அது என்பது அவர் கருத்து.

வானமாமலையைப் பற்றி இரண்டு வார்த்தை. 1917இல் பிறந்து 1980இல் மறைந்த அவர் பாளையங்கோட்டையில் ஆசிரியராக இருந்தவர். பெரிய நிதியோ கருவிகளோ அவரிடம் இல்லை. பல ஊர்களில் இருந்த நண்பர்களைத் தூண்டிப் பாடல்களைச் சேகரிக்கச் செய்தார். ‘தமிழர் நாட்டுப்பாடல்கள்’ என்ற பெரிய தொகுப்பு அப்படித்தான் உருவாயிற்று. அவர் பதிப்பித்த முத்துப்பட்டன் கதை, கட்டபொம்மு கதைப்பாடல், கான்சாகிபு சண்டை முதலியவற்றை மதுரைப் பல்கலைக்கழகம் 1971 முதல் வெளியிட்டது. அதற்கு முன்பு இத்தகைய பாட்டுகளைப் ‘படிக்காதவர் பாட்டு’ என்று ஒதுக்கியவர்களே அதிகம்.

இப்போது நம் சீட்டுக்கு வருவோம். பிராமணப் பிறப்பு சேர்ந்த வடிவம் ஒன்று உங்கள் கையில் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை எந்த ஊர்க் கொடையில் பாடினார்கள்? பணம் கொடுத்து அழைத்தவர்கள் யார்? பந்தலில் யார் உட்கார்ந்திருந்தார்கள்? அதே புலவர் வேறோர் ஊரில் அந்தப் பகுதியை விட்டுவிடுவாரா? இவற்றில் ஒன்றுக்கும் ஒலிநாடா பதில் சொல்லாது. புலவர்தான் சொல்ல வேண்டும். பிற்சேர்க்கை என்று தெரிந்துவிட்டால் அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிடலாம் என்றும் எண்ணாதீர்கள். பாறையில் பின்னால் படிந்த அடுக்கும் பாறையின் வரலாறுதான். இரண்டையும் பாதுகாக்க வேண்டும். எது எங்கே கிடைத்தது என்ற குறிப்போடு பாதுகாக்க வேண்டும்.

பாடகர் சொன்னதும் தட்டு சொன்னதும்

பாடகர் சொல்வதை அப்படியே நம்பிவிடலாமா? நல்ல கேள்வி. இதற்கு விடை தேடி ஒருவர் பரிசோதனையே நடத்தியிருக்கிறார். அது நடந்த இடம் ஐரோப்பாவில், அப்போது யூகோஸ்லாவியா என்று இருந்த நாடு. இன்று அந்த நாடு இல்லை. பாஸ்னியா, செர்பியா, மாண்டிநீக்ரோ என்று பல நாடுகளாகப் பிரிந்துவிட்டது.

மில்மன் பாரி என்ற அமெரிக்கப் பேராசிரியருக்குக் கிரேக்க மகாகவி ஹோமரைப் பற்றி ஒரு சந்தேகம். ஹோமரின் காவியங்களில் சில தொடர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. எழுதும் கவிஞன் இப்படிக் கூறியது கூறுவானா? இவை எழுதாமல், பாடிக்கொண்டே கட்டப்பட்டவையாக இருக்குமோ? ஹோமரைக் கேட்க முடியாது. ஆனால் யூகோஸ்லாவியாவின் மலைக்கிராமங்களில் ஒற்றை நரம்பு வாத்தியத்தை மீட்டிக்கொண்டு, மணிக்கணக்கில் வீரக்கதை பாடும் எழுத்தறியாப் பாடகர்கள் அப்போதும் இருந்தார்கள். ரமலான் மாத இரவுகளில் காப்பிக் கடைகளில் அவர்கள் பாட்டைக் கேட்கக் கூட்டம் கூடும். பாரி 1933இலும், பிறகு 1934–35இலும் அங்கே போனார்.

காந்த ஒலிநாடா பரவாத காலம் அது. அலுமினியத் தட்டில் ஊசியால் கீறி ஒலியைப் பதிந்தார்கள். ஒரு தட்டு சில நிமிடங்களில் நிரம்பிவிடும். நெடுங்கதையை எப்படிப் பதிவது? பாரி இரண்டு சுழல்மேடைகளை இணைத்து, ஒன்று நிரம்பும்போது மற்றொன்று தொடங்குமாறு ஒரு கருவி செய்து கொண்டுபோனார். திரும்பி வரும்போது அவரிடம் 3,500க்கும் மேற்பட்ட தட்டுகள் இருந்தன.

கருவியைவிட அவருக்குப் பெரிய துணையாக இருந்தவர் நிகோலா வுய்னோவிச் என்ற உள்ளூர் உதவியாளர். தாமே பாடத் தெரிந்தவர். பாடகர்களோடு அவர்கள் மொழியில் உட்கார்ந்து பேசி, யாரிடம் கற்றீர்கள், எத்தனை தடவை கேட்டுக் கற்றீர்கள், கேட்டதை மாற்றுவீர்களா என்று துருவித் துருவிக் கேட்டார். அந்தப் பேட்டிகளையும் பாட்டோடு சேர்த்துத் தட்டில் பதிந்தார்கள். டெமோ சோகிச் என்ற பாடகர், தாம் இன்னொருவரிடம் கேட்ட பாட்டைச் சொல்லுக்குச் சொல் மாறாமல் பாடுவதாக உறுதியாகச் சொன்னார். ஆனால் இருவர் பாடியதையும் ஒப்பிட்டால் அடிகள் வேறு வேறாக இருந்தன!

அவர் பொய் சொன்னாரா? இல்லை. இதுதான் கவனிக்க வேண்டிய இடம். எழுதப் படிக்கத் தெரிந்த நமக்கு ‘சொல்’ என்றால் தாளில் இடம்விட்டு எழுதும் துண்டு. எழுத்தறியாத பாடகருக்கோ அது ஒரு பேச்சு, ஒரு செய்தி. கதை மாறவில்லை, நிகழ்ச்சி மாறவில்லை. ஆகவே சொல்லும் மாறவில்லை. அவர் அளவுகோல் வேறு. பேட்டி மட்டும் இருந்திருந்தால் பாட்டு மாறுவதே இல்லை என்று எழுதியிருப்பார்கள். பதிவு மட்டும் இருந்திருந்தால் பாடகர்களுக்கு மறதி என்று எழுதியிருப்பார்கள். இரண்டும் இருந்ததால்தான் உண்மை வெளிப்பட்டது.

இன்னொரு பரிசோதனை இன்னும் சுவையானது. அவ்தோ மெஜெதோவிச் எழுதப் படிக்கத் தெரியாத கசாப்புக்காரர், பெரும் பாடகர். அவர் கேட்டிராத ஒரு கதையை அவர் எதிரிலேயே இன்னொரு பாடகரைப் பாடச் செய்தார் பாரி. அந்தப் பாட்டு 2,294 அடி. முடிந்ததும் அவ்தோவைப் பார்த்து, இதை நீங்கள் பாட முடியுமா என்றார். அவ்தோ பாடினார். 6,313 அடி! கதை அதேதான். ஆனால் வீரனின் குதிரை, உடை, ஆயுதம், அவன் மனத்துயரம் எல்லாவற்றையும் அவர் தம் கைச்சரக்கிலிருந்து எடுத்து விரித்துக்கொண்டே போனார். மனப்பாடம் செய்தவரால் இது முடியுமா? அவர் பாடும்போதே கட்டுகிறார். திரும்பத் திரும்ப வரும் தொடர்கள் கொத்தனாரின் செங்கல் போல அவருக்குக் கையோடு கிடைப்பவை.

பாரி 1935 டிசம்பரில் இளம் வயதிலேயே இறந்துபோனார். அவருடைய மாணவர் ஆல்பர்ட் லார்டு ஆராய்ச்சியைத் தொடர்ந்து 1960இல் புத்தகமாக வெளியிட்டார். அலுமினியத் தட்டுகள் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன.

ஆகவே நம் புலவர்களும் பாடும்போதே கட்டுகிறார்கள் என்று சொல்லிவிடலாமா? அவசரப்படாதீர்கள். ஓரிடத்தில் கண்டதை வேறிடத்தில் அப்படியே ஒட்டுவது விஞ்ஞானம் ஆகாது. வில்லுப்பாட்டுக் கதைகள் பல பனையோலை ஏடுகளில் எழுதப்பட்டவை. ஏட்டிலிருந்து நோட்டுப் புத்தகத்தில் பெயர்த்து எழுதி, அதைப் பார்த்து மனப்பாடம் செய்யும் புலவர்கள் உண்டு. கன்னியாகுமரிப் பகுதியில் தங்கி ஆராய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988இல் வெளியிட்ட நூலில் இந்த ஏடுகளின் பங்கை விளக்கியிருக்கிறார். கொடையில் தெய்வம் கொலையுண்ட கட்டம் வரும்போது சாமியாடிக்கு அருள் வரும். பாட்டின் போக்கு அதற்கு இசைந்து செல்லும். நல்லதங்காள் கதையோ ‘பெரிய எழுத்து’ அச்சுப் புத்தகமாக ஊர் ஊராக விற்றது. பாட்டியிடம் கேட்டு எழுதிவிட்டு, ‘வாய்மொழி வடிவம் கண்டுபிடித்தேன்’ என்று மகிழ்ந்தால், பாட்டி அதைப் புத்தகம் வாசிக்கக் கேட்டுக் கற்றவராக இருக்கக்கூடும்! யாரிடம் கற்றீர்கள் என்ற ஒரு கேள்வி அந்த அசட்டுத்தனத்திலிருந்து காப்பாற்றிவிடும்.

கொங்கு நாட்டிலும் ஒரு சோதனை நடந்திருக்கிறது. பிரெண்டா பெக் என்ற மானிடவியல் அறிஞர் 1965இல் பொன்னர், சங்கர் என்ற அண்ணன்மார் கதையைப் பதிவு செய்தார். ஒரு பாடகர் மக்கள் முன்னே உடுக்கை அடித்துப் பாடியதை ஒலிநாடாவில் பதிந்தார். அதே பாடகர் சொல்லச் சொல்ல எழுதிய வடிவமும் அவருக்குக் கிடைத்தது. இரண்டும் ஒன்றாக இல்லை. ஒரே வாய், ஒரே கதை, கேட்பவர்தான் வேறு. ஆகையால் ‘எழுதச் சொன்னபோது பாடியது’ என்றோ ‘கோவில் முன்னால் பாடியது’ என்றோ சீட்டில் குறிக்காவிட்டால் பெரும் பிழை.

எப்படிக் கேட்பது?

நீங்கள் ஒரு பாட்டியிடமோ புலவரிடமோ போகிறீர்கள். முதல் நாளே கருவியை நீட்டாதீர்கள். பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு போய், யார் வீட்டுப் பிள்ளை, எதற்காக வந்தோம் என்று சொல்லுங்கள். பதிவு செய்யலாமா, பிறருக்குப் போட்டுக் காட்டலாமா என்று அனுமதி கேளுங்கள். கொடை தவிர மற்ற நாளில் பாடக் கூடாத பகுதி உண்டு என்று புலவர் சொன்னால் வற்புறுத்தக் கூடாது. ‘இந்தப் பகுதியை வெளியில் பாடுவதில்லை’ என்று குறித்துக்கொண்டால் அதுவே நல்ல செய்தி.

முதலில் பாட்டு முழுவதையும் குறுக்கிடாமல் கேளுங்கள். நடுவில் “அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் ஆச்சி?” என்று கேட்டால் பாட்டு அறுந்துவிடும், பல பேருக்கு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினால்தான் வரும். சந்தேகங்களைத் தாளில் குறித்துக்கொண்டு கடைசியில் கேட்கலாம்.

கேள்வியிலேயே பதிலை வைத்துவிடுவது புதியவர்கள் செய்யும் தவறு. “தாத்தா, பொம்மக்கா பிராமணப் பெண்தானே?” என்று கேட்டால், பள்ளிக்கூடத்துப் பிள்ளை படித்துவிட்டுத்தான் கேட்கிறது என்று நினைத்து அவரும் “ஆமா” என்பார். “பொம்மக்கா யாரு தாத்தா?” என்று மட்டும் கேளுங்கள். பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர் யோசிக்கட்டும். அந்த மௌனத்தைப் பொறுக்க முடியாமல் நாம்தான் எதையாவது சொல்லிக் கெடுத்துவிடுகிறோம்.

எந்த வயதில், யாரிடம், எப்படிக் கற்றார்? உடன் பாடியவர்கள் யார்? எங்கெங்கே பாடியிருக்கிறார்? இந்தக் கதையை வேறு மாதிரி பாடுகிறவர்கள் உண்டா? எந்த இடத்தை நீட்டுவார், எந்த இடத்தை எப்போது சுருக்குவார்? இவரிடம் இப்போது யாராவது கற்கிறார்களா? இவை எல்லாருக்கும் பொருந்தும் கேள்விகள். மற்றவை அவர் சொல்வதிலிருந்தே முளைக்கும். சில வாரம் கழித்து மீண்டும் போய், அதே பகுதியைப் பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். பாரியின் சோதனையை உங்கள் தெருவிலேயே செய்ததாகிவிடும். எத்தனை அடி மாறியது, மாறியது பெயரா, வருணனையா, நிகழ்ச்சியா என்று ஒரு பட்டியல் போட்டுப் பாருங்கள்.

ஒலியைப் பிடித்து வைத்தல்

எடிசன் 1877இல் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டுபிடித்தார். 1890இல் அமெரிக்காவில் ஃபியூக்ஸ் என்பவர் அதை அந்நாட்டுப் பழங்குடி மக்களிடம் எடுத்துச் சென்று பாட்டுகளைப் பதிவு செய்தார். ஹங்கேரியில் பார்டோக் என்ற இசை மேதை 1906 முதல் கிராமங்களில் சுற்றி மெழுகு உருளைகளில் பதிந்தார். மெழுகு உருளையில் இரண்டு முதல் நான்கு நிமிடமே அடங்கும். போட்டுக் கேட்கும் ஒவ்வொரு முறையும் ஊசி மெழுகைத் தேய்க்கும். கேட்டால் அழியும், கேட்காவிட்டால் பயனில்லை என்ற விசித்திர நிலை!

பிறகு வந்த காந்த நாடாவில் பிளாஸ்டிக் பட்டை மேல் இரும்பு ஆக்சைடுத் துகள்களைப் பசையால் ஒட்டியிருப்பார்கள். ஒலி மின்னோட்டமாகி, அந்தத் துகள்களைக் காந்தமாக்கும். காசெட்டில் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும். அரை மணி நேரத்துக்கு எவ்வளவு நாடா வேண்டும் என்று கணக்குப் போடுங்கள்: ஏறக்குறைய 86 மீட்டர். பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சி நொய்ந்துபோகும், பூஞ்சையும் பிடிக்கும். கடற்கரை ஊர்களில் அலமாரிக்குள் கிடக்கும் பழைய காசெட்டுகளின் கதி இதுதான். உங்கள் வீட்டில் தாத்தா பதிவு செய்த காசெட் இருந்தால் உடனே எண்ணியல் வடிவத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். பூஞ்சை பிடித்ததை அப்படியே ஓட்டிப் பார்க்காதீர்கள். நாடாவும் கெடும், கருவியும் கெடும்.

இன்றைக்குக் கைபேசியே ஒலிப்பதிவுக் கருவி. அது ஒலி அலையை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை அளந்து எண்களாக்குகிறது. மனிதச் செவிக்கு எட்டும் மிக உயர்ந்த அதிர்வெண் ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ். ஓர் அலையை மீட்டு அமைக்க அதன் அதிர்வெண்ணைப் போல் இரு மடங்குக்கு மேற்பட்ட அளவீடுகள் வேண்டும். அதனால்தான் குறுந்தட்டில் நொடிக்கு 44,100 அளவீடுகள். ஒவ்வொன்றுக்கும் 2 பைட் என்றால், ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 32 கோடி பைட். இடத்தை மிச்சம் பிடிக்க ஒலியைச் சுருக்கும் முறைகளும் உண்டு. அளவுக்கு மீறிச் சுருக்கினால் முதலில் பறிபோவது உயர்ந்த அதிர்வெண்கள்தான். அதாவது வில்லின் மணியோசை! ‘வேவ்’ போன்ற சுருக்காத வடிவத்தில் பதிவதே நல்லது.

ஒலிவாங்கியை எங்கே வைப்பது என்பதில் நான் ஒருமுறை நன்றாக ஏமாந்தேன். பந்தலில் கிடைத்த இடத்தில், குடத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். இரவெல்லாம் விழித்திருந்து பதிந்ததில் ‘தொம், தொம்’ என்ற குட ஓசைதான் நிறைந்திருந்தது. புலவரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டது. திறந்த வெளியில் தூரம் இரு மடங்கானால் ஒலிச்செறிவு நான்கில் ஒரு பங்காகும் என்ற பாடத்தை நான் வகுப்பில் பத்து முறையாவது எழுதியிருப்பேன். பந்தலில் அது நினைவுக்கு வரவில்லை. பாடுபவரின் வாய்க்கு அருகிலும் குடத்துக்கு எட்டியும் வையுங்கள். வீட்டில் பதிவதானால் மின்விசிறியை நிறுத்துங்கள். தொடக்கத்தில் தேதி, ஊர், பாடுபவர் பெயர் ஆகியவற்றை உங்கள் குரலில் சொல்லிவிடுங்கள். காகிதச் சீட்டு தொலைந்தாலும் குரல் ஒலிப்பதிவோடே இருக்கும்.

பதிந்ததை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். மூன்று பிரதிகளாவது வேண்டும். அவற்றில் ஒன்று வேறு வீட்டிலோ பள்ளியிலோ இருக்கட்டும். நன்றாக அமைந்த பதிவைக் கல்லூரிகளின் நாட்டார் வழக்காற்றியல் துறைகளிடம் கொடுக்கலாம். பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியில் அத்தகைய துறை உண்டு.

எழுதும்போது

ஒலியைக் கேட்டு எழுதுவது பொறுமைக்குச் சோதனை. ஒரு மணி நேரப் பாட்டை எழுதப் பல நாளாகும். ‘வந்தாக’ என்று பாடினால் ‘வந்தாக’ என்றே எழுதுங்கள்; ‘வந்தார்கள்’ என்று திருத்தினால் ஓசையும் போகும், ஊரும் போகும். புரியாத சொல்லுக்கு உங்களுக்குத் தெரிந்த சொல்லைப் போடாமல், காதில் விழுந்தபடி எழுதிப் பக்கத்தில் கேள்விக்குறி இடுங்கள். தமிழாசிரியர் பார்த்துச் சிவப்பு மை போட்டால், இது கட்டுரை அல்ல, மாதிரி என்று பணிவோடு சொல்லிவிடுங்கள். பாடாமல் பேசிய வசனங்கள், பின்பாட்டுக்காரர் இடையில் போட்ட ‘ஆமாம்’, சிரிப்பு, அழுகை, சாமி வந்து பாட்டு நின்ற இடம் ஆகியவையும் எழுத்தில் வர வேண்டும்.

எழுதி முடித்ததும் அதையும் ஒரு பிரதி ஒலிப்பதிவையும் எடுத்துக்கொண்டு பாடியவரிடம் திரும்பப் போங்கள். அவருக்குப் போட்டுக் காட்டி, எழுதியதை வாசித்துக் காட்டுங்கள். தம் குரலையே கேட்கும்போது, முதல் நாள் சொல்லாத பல செய்திகளைச் சொல்லத் தொடங்குவார். கேள்விக்குறி போட்ட சொற்களுக்கு அப்போதுதான் பொருள் கிடைக்கும். “ஐயோ, இந்த இடத்துல தப்பாப் பாடிட்டனே, எங்க குரு இப்படிப் பாட மாட்டாரு” என்று அவர் சொல்லக்கூடும். அப்போது எழுதியதைத் திருத்தாதீர்கள். அவர் சொன்னதை அன்றைய தேதியோடு சீட்டில் எழுதிக்கொண்டு, குரு எப்படிப் பாடுவார் என்று கேளுங்கள்.